ஆலை நிலத்தின் பறை: பிளாக் சபாத் குழுவும் ஹெவி மெட்டல் இசையும்

நிலத்திற்கும் இசைக்கும் உள்ள உறவைத் தமிழில் இலக்கணமாக வகுத்துச் சொன்னவர் தொல்காப்பியர். அகத்திணையியலில் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும், செய்தி எனப்படும் தொழிலையும், யாழையும் அவர் ஒருங்கே வைக்கிறார். மக்கள் செய்யும் தொழிலும் அவர்கள் கொட்டும் பறையும் மீட்டும் யாழும் ஒரே நிலத்தில் விளைந்தவை என்பது இதன் கருத்து. கோவளம் முதல் மாமல்லபுரம் கடந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் நம் கடற்கரை நெய்தல் நிலம். அதற்கு மீன்கோட்பறையும் விளரி யாழும் உரியன என்று பின்வந்த இலக்கண நூலார் விரித்துரைத்தனர்.

ஏரியும் வயலுமாக விளங்கிய செங்கற்பட்டுப் பகுதி மருத நிலம். அதன் பெரும்பகுதி இன்று வேறொரு நிலமாகிவிட்டது. வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் வழியாகச் செங்கற்பட்டை நோக்கி வரும் நெடுஞ்சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ஐந்திணையுள் அடங்காத இந்த ஆலை நிலத்துக்கு உரிய பறை எது? உரிய யாழ் எது?

இவ்வினாவுக்கு நம்மிடம் இன்னும் முழுமையான விடை இல்லை. ஆனால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த இளைஞர் நால்வர் 1970ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டனர். பிளாக் சபாத் என்பது அவர்கள் குழுவின் பெயர். கன உலோகம் என்று பொருள்படும் ஹெவி மெட்டல் என்னும் பெயரால் அவர்கள் தொடங்கி வைத்த இசை வழங்குகிறது. இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் பலர் காதில் பொருத்திக் கேட்கும் இசை இது. நம்மில் பெரும்பாலோர் இரைச்சல் என்று ஒதுக்கும் இசையும் இதுவே. அவ்வொதுக்கலுக்கு முன் அதன் வரலாற்றை அறிந்துகொள்வது முறையாகும்.

பர்மிங்காமின் மைந்தர்கள்

ஆயிரம் தொழில்களின் நகரம் என்று புகழ்பெற்றது பர்மிங்காம். இரும்பு, பித்தளை, துப்பாக்கி, ஊர்தி, ஆணி என உலோகத்தால் ஆகும் எதனையும் அந்நகரம் செய்தது. இரண்டாம் உலகப்போரில் செர்மானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கானதற்கும் இதுவே காரணம். குண்டு விழுந்த வெற்றிடங்கள் போருக்குப் பின்னும் நெடுநாள் அப்படியே கிடந்தன. அந்நகரின் ஆஸ்டன் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1948ஆம் ஆண்டிலும் 1949ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள் டோனி அயோமி, பில் வார்டு, ஓசி ஆஸ்போர்ன், கீசர் பட்லர் ஆகிய நால்வரும்.

இவர்களுள் இசைக்கல்லூரியில் பயின்றவர் எவருமில்லை. ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்தார்; ஊர்திகளின் ஒலிப்பான்களைச் சரிபார்க்கும் ஆலைப்பணியும் பார்த்தார்; திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையிலும் இருந்தார். பட்லர் கணக்கர் பணிக்குப் பயிற்சி பெற்றவர். அயோமி தகட்டு ஆலைத் தொழிலாளி. 1968இல் ஒன்றுகூடிய இந்நால்வரும் முதலில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையையே வாசித்து வந்தனர். அடுத்த ஆண்டில், 1963இல் வெளியான ஒரு திகில் திரைப்படத்தின் பெயரைத் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர்.

விரல் நுனி இழந்த கை

ஹெவி மெட்டலின் ஒலிக்கு மூலமாக அமைந்தது ஒரு தொழிற்சாலை விபத்து. அயோமி தம் பதினேழாம் வயதில், வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, தமக்குப் பழக்கமில்லாத தகடு அழுத்தும் எந்திரத்தில் நிற்க நேர்ந்தது. எந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் கொண்டுபோயிற்று. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் கிதாரின் தந்திகளை அழுத்தும் கை அவருக்கு வலக்கையே. இனி வாசிக்க இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர்.

மனமுடைந்திருந்த இளைஞனிடம் ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ஜாஸ் மேதையின் கிதார் இசை. 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின், எஞ்சிய விரல்களால் வாசித்து உலகப்புகழ் பெற்றவர் ரைன்ஹார்ட். அதைக் கேட்ட அயோமி பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கித் தம் விரல்களுக்கேற்ற உறைகளைச் செய்து, அவற்றின் மேல் பழைய தோலை ஒட்டிக்கொண்டார். உறையணிந்த விரலுக்குத் தடித்த தந்தி வலித்தது. மெல்லிய தந்திகளைத் தேடினார். கிடைக்காதபோது பாஞ்சோ என்னும் வேறொரு வாத்தியத்தின் தந்திகளைக் கட்டினார். அதன்பின் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார்.

இத்தளர்வு ஒரு புதிய ஒலியைத் தந்தது. 1971இல் வெளியான மூன்றாம் இசைத்தட்டின் சில பாடல்களில் அவர் கிதாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். நம் மேடை வழக்கில் கூறுவதானால், மூன்று கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிற்று. ஒலி கனத்தது, இருண்டது. இன்று உலகெங்கும் மெட்டல் இசைக்குழுக்கள் சுருதியைத் தாழ்த்தி வாசிப்பது மரபாகிவிட்டது. அம்மரபின் வேர், வலிபொறுக்க இயலாத இரண்டு விரல்களில் இருக்கிறது.

ஊர்தி உதிரிப்பாகத் தொழில் பரவிய நம் பகுதி வாசகருக்கு அழுத்து எந்திரம் புதிதன்று. விரலிழப்பு அத்தொழிலில் நன்கறியப்பட்ட விபத்து. ஈட்டுத்தொகைப் படிவத்தில் ஒரு வரியாக முடிந்துவிடும் அவ்விழப்பு, பர்மிங்காமில் ஓர் இசைவடிவத்தின் தொடக்கமாயிற்று. இதனைத் தனிமனிதர் ஒருவரின் விடாமுயற்சிக் கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. அவரைச் சுற்றி அதே ஒலியில் வளர்ந்த மூவர் இருந்தனர்; கேட்பதற்கு அதே ஒலியில் வளர்ந்த மக்கள் இருந்தனர். எந்திரச் சம்மட்டியின் ஓயாத அடி தம் இசையுள் புகுந்திருப்பதை அந்நகரத்து இசைஞர்கள் பலமுறை கூறியுள்ளனர்.

சுரமும் சுருதியும்

அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1969 அக்டோபரில் இலண்டனில் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டு, 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. அதன் முதற்பாடலும் குழுவின் பெயரையே தாங்கியது. மழையும் இடியும் ஆலயமணியும் ஒலித்தபின் கிதார் மூன்றே சுரங்களை மெல்ல வாசிக்கிறது: சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம். மூன்றாம் சுரம் அசைந்து நடுங்குகிறது. ஹெவி மெட்டல் வரலாற்றின் தொடக்கம் என்று இசை வரலாற்றாசிரியர் பலர் சுட்டும் இடம் இதுவே. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் செவ்வாய்க் கோளைப் போர்த்தெய்வமாக வைத்து இயற்றிய இசையைப் பட்லர் விரும்பி வாசித்து வந்ததிலிருந்து இது பிறந்தது.

சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள ஆறு அரைச்சுர இடைவெளியை ஐரோப்பிய இசைநூலார் இசையிற் புகுந்த பிசாசு என்று பெயரிட்டு விலக்கினர். இடைக்காலத் திருச்சபை அதற்குத் தண்டனை விதித்தது என்பது பிற்காலக் கட்டுக்கதை. அதனை முரண்சுரமாகக் கருதித் தவிர்த்தனர் என்பதே மெய். நமக்கோ அது அயலானதன்று. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி, அதாவது முப்பத்தாறு, பிரதி மத்திம மேளங்கள். கல்யாணியின் எழிலும் சண்முகப்பிரியாவின் உருக்கமும் அச்சுரத்தினாலன்றோ அமைகின்றன! ஒரே சுரம் ஓரிடத்தில் பேயாகவும் வேறோரிடத்தில் மங்கலமாகவும் இருப்பது, அச்சம் சுரத்தில் இல்லை, அது வைக்கப்படும் இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும். நம் இராகங்களில் பிரதி மத்திமம் பெரும்பாலும் பஞ்சமத்தை நோக்கி நகர்ந்து அமைதி பெறுகிறது. அயோமியின் கிதாரில் அது அமைதி பெறாமலே நிற்கிறது. அந்நிலைகொள்ளாமைதான் கேட்பவரைக் கலக்குகிறது.

இவ்விசையின் மற்றோர் அடிப்படை, சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒருசேர மீட்டுதல். ஒலிபெருக்கியை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கும்போது ஒலி உடைந்து கரகரப்பாகிறது. அந்நிலையில் காந்தாரத்தையும் சேர்த்து மீட்டினால் சுரங்கள் மோதிக் குழம்பும். சட்ஜ பஞ்சமம் மட்டும் நின்றால் ஒலி பருத்துத் திரளும். உறையணிந்த விரல்களுக்கும் இவ்வெளிய பிடியே உகந்ததாயிருந்தது. மகிழ்ச்சியையும் துயரத்தையும் பிரித்துக் காட்டும் காந்தாரம் இல்லாமையால் இவ்வொலி இரண்டிலும் சேராத கடுமையுடன் நிற்கிறது. தம்புராவில் நாம் நாள்தோறும் கேட்கும் அதே சட்ஜ பஞ்சமம், ஆலையின் குரலில் பேசினால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது.

பாட்டின் பொருள்

கறுப்பு உடை, சிலுவை, திகில் படப் பெயர் ஆகியவற்றைக் கண்டு இக்குழுவினரைச் சாத்தானை வணங்குபவர் என்றனர் பலர். பாடல்களைப் படிப்பவர் வேறொன்றைக் காண்பர். பெரும்பாலான பாடல்களை எழுதிய பட்லர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். அவர் பாடல்களில் சாத்தான் அச்சத்தின் உருவமே அன்றி வழிபாட்டுக்குரியவன் அல்லன். 1970 செப்டம்பரில் வெளியாகி இங்கிலாந்தில் விற்பனையில் முதலிடம் பெற்ற ‘பாரனாய்டு’ இசைத்தட்டின் முதற்பாடல், போரைத் தொடங்கிவைத்துத் தாம் ஒளிந்துகொண்டு ஏழைகளைக் களத்துக்கு அனுப்பும் தலைவர்களைச் சாடுகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே தட்டிலுள்ள பிற பாடல்கள் அணுப்போரின் அழிவையும், போரிலிருந்து திரும்பிப் போதைக்கு அடிமையான வீரரையும் பேசுகின்றன.

அக்காலத்து இளைஞர் இசையில் அன்பும் மலரும் அமைதியும் பாடுபொருளாயிருந்தன. பர்மிங்காம் ஆலைத்தெருவில் அவ்வகை மலர்கள் மலரவில்லை. தாம் கண்ட நிலத்தைத் தாம் கேட்ட ஒலியில் பாடினர் இவர்கள். புகழ்பெற்ற இசைத்திறனாய்வாளர்கள் முதல் தட்டை எள்ளி எழுதினர். மக்களோ வாங்கிக் கேட்டனர்.

வழித்தோன்றல்கள்

இக்குழுவே அனைத்தையும் படைத்தது என்று கூறுதல் பொருந்தாது. லெட் செப்பலின், டீப் பர்பிள் ஆகிய குழுக்களும் அதே காலத்தில் கன ஒலியை வளர்த்தன. ஹெவி மெட்டல் என்னும் தொடரே 1968இல் வந்த அமெரிக்கப் பாடலொன்றில் இடம்பெற்றது. ஆயினும் மெதுநடை, தாழ்சுருதி, இருள் சூழ்ந்த பாடுபொருள் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி ஒரு வடிவம் தந்தது பிளாக் சபாத் குழுவே.

பர்மிங்காமை அடுத்த பகுதியிலிருந்து எழுந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழு அவ்வடிவத்தில் எஞ்சியிருந்த புளூஸ் சாயலை நீக்கி, இரண்டு கிதார்களின் விரைவைச் சேர்த்தது. 1980இல் அக்குழு வெளியிட்ட தட்டின் பெயர் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. அதன் கிதார் கலைஞர் கிளென் டிப்டன் எஃகு ஆலையில் வேலை செய்தவர். எந்திர மனிதர் நடந்துவரும் ஓசைக்காக அவர்கள் கரண்டித் தட்டுகளைக் குலுக்கிப் பதிவு செய்தனர். இலண்டனின் அயர்ன் மெய்டன், அமெரிக்காவின் மெட்டாலிகா என மரபு கிளைத்தது. 2006இல் ராக் இசையின் புகழ்மண்டபத்தில் பிளாக் சபாத் சேர்க்கப்பட்டபோது, அவர்களை அறிமுகம் செய்து நன்றி கூறியவர்கள் மெட்டாலிகா குழுவினர். சுவீடனின் கேண்டில்மாஸ் போன்றவை மெதுநடையை மேலும் நீட்டி டூம் என்னும் தனிவகையை வளர்த்தன. பிரேசிலின் சுரங்க மாநிலத்துத் தலைநகரில் பிறந்த செபுல்துரா குழு, 1996இல் தம் நாட்டின் சவாந்தே பழங்குடியினரோடு இணைந்து பதிவு செய்த பாடலைத் தன் தட்டில் சேர்த்தது.

இவ்வரலாற்றில் களைகளும் உண்டு. போதையால் பிளாக் சபாத் குழுவே சிதைந்து, 1979இல் ஆஸ்போர்ன் விலக்கப்பட்டார். பெண்களுக்கு நெடுநாள் இடமளிக்காத இசையாகவே இது இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் இம்மரபின் ஒரு கிளையினர் தேவாலயங்களை எரித்த கொடுமையும் நிகழ்ந்தது. கலைவடிவம் ஒன்று பரவும்போது அதன் பொருளை விட்டுத் தோற்றத்தை மட்டும் பற்றிக்கொள்பவரும் தோன்றுவர் என்பதற்கு இவை சான்று.

முதல் நால்வரும் இறுதியாக ஒன்றுகூடியது 2025 ஜூலை 5ஆம் நாள். தாம் பிறந்து வளர்ந்த ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் கால்பந்துத் திடலில் அவ்விழா நடந்தது. நோயுற்றிருந்த ஆஸ்போர்ன் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல் காலமானார்.

தமிழர் கையில்

இவ்விசை தமிழரை வந்தடைந்த வழிகள் இரண்டு. ஒன்று சிங்கப்பூர் வழி. அங்கு 1992இல் தோன்றிய ருத்ரா என்னும் குழு தமிழ் இளைஞர்களால் அமைந்தது. பாடகரும் அடித்தந்திக் கிதார் கலைஞருமான கதிரேசன், தாள வாத்தியக் கலைஞர் சிவா ஆகியோர் அதன் தூண்கள். மெட்டல் இசையின் கடுங்குரல் வகையில் வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் இராகச் சாயல்களையும் அவர்கள் பொருத்தினர். 1998இல் முதல் தட்டும், 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் முத்தொகுதியும் வெளிவந்தன. வேதிக் மெட்டல் என்னும் வகைப்பெயர் இவர்களால் நிலைபெற்றது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இவர்களை ஆராய்ந்து எழுதியுள்ளனர். அவர்கள் தேர்ந்த பாடுபொருளில் கருத்து வேறுபாடு கொள்வோர் இருக்கலாம். பிறர் வடிவில் தம் பொருளைப் பாட இயலும் என்று காட்டியமை அவர்களுடைய தொண்டு.

மற்றொன்று சென்னைக் கல்லூரிகளின் வழி. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1974இல் மார்டி கிரா என்னும் பெயரில் தொடங்கி, 1996 முதல் சாரங் என வழங்கும் கலைவிழா, ராக் இசைக்கு மேடையளித்தது. 2009இல் சுவீடனின் ஓபத் குழு அங்கு வந்து வாசித்தது. அதற்கு ஈராண்டுக்கு முன் அயர்ன் மெய்டன் பெங்களூரில் வாசித்தபோது தமிழகத்திலிருந்தும் இளைஞர் திரண்டனர்.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. பர்மிங்காமில் இவ்விசை ஆலைத் தொழிலாளரிடமிருந்து எழுந்தது. நம்மிடையே அது ஆங்கிலம் கற்ற பொறியியல் மாணவர் வழியே நுழைந்தது. மறைமலைநகரின் எந்திரத்தோடு நாள்முழுதும் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அதனோடு தொடர்பில்லை. ஆலையின் ஒலியிலிருந்து பிறந்த இசை இங்கு ஆலையைக் காணாதவரின் சுவையாயிற்று.

இரைச்சல் என்னும் தீர்ப்பு

ஒரு மக்களின் இசையை இரைச்சல் என்று தள்ளுவது நமக்குப் பழகிய செயலே. தொல்காப்பியர் எல்லா நிலத்துக்கும் உரிமையாக்கிய பறையைப் பின்வந்த சாதியச் சமூகம் சாவு வீட்டோடு நிறுத்திற்று. பறையடித்தவரைத் தாழ்த்தியது, பறையையும் தாழ்த்தியது. 1990கள் முதல் தலித் பண்பாட்டு இயக்கங்களின் உழைப்பால் அது மீண்டும் மேடையேறியது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் சட்டியும் கானாவும் மின்கிதாரோடு ஒரே மேடையில் நின்றன. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் உருவாக்கிய அக்குழு, அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெயர் பெற்றது. அது மெட்டல் இசைக்குழு அன்று. ஆனால் ஒதுக்கப்பட்ட ஒலியையே தன் வலிமையாகக் கொண்டு எழுந்த வகையில், பிளாக் சபாத் காட்டிய வழியின் மெய்யான தமிழ் வடிவம் என்று அதனையே கூறத் தோன்றுகிறது.

பிளாக் சபாத்தின் செல்வாக்கு எது என்பதும் இதனால் விளங்கும். கறுப்பு உடையும் நீண்ட முடியும் அதன் புறத்தோற்றங்கள். தாம் வாழும் நிலத்தின் ஒலியையும் தம் உடலின் ஊனத்தையும் மறைக்காமல், அவற்றிலிருந்தே வடிவத்தைப் பெறலாம் என்னும் துணிவே அவர்கள் வழங்கிய கொடை. அத்துணிவைப் பெற்றவர் பிரேசிலில் பழங்குடிப் பாடலையும், சிங்கப்பூரில் மந்திரத்தையும் தேடிச் சென்றனர். தோற்றத்தை மட்டும் பெற்றவர் நகலாக நின்றுவிட்டனர்.

நம் நெய்தலுக்கும் மருதத்துக்கும் இலக்கியம் உண்டு. மாமல்லபுரத்துக் கல்லுளியின் ஓசைக்கும் கவிதைகள் எழுந்துள்ளன. நெடுஞ்சாலையோரத்து ஆலை நிலத்துக்கு மட்டும் இன்னும் கருப்பொருள் தொகுக்கப்படவில்லை. விடியலில் நிறுவனப் பேருந்துக்குக் காத்து நிற்பவரின் பேச்சு, பணிமனையில் வழங்கும் சொற்கள், முறைமாற்றச் சங்கொலி, வடமாநிலத் தொழிலாளர் தங்குமிடங்களில் எழும் பாட்டு, விரலிழந்தவரின் வாக்குமூலம் ஆகியவை கேட்பாரின்றிக் கிடக்கின்றன. பத்தாண்டு நிறைவு கண்ட நம் இலக்கிய வட்டம் வரும் ஆண்டுகளில் இவற்றைத் தேடித் தொகுக்கும் பணியை மேற்கொள்ளுமாயின், அந்நிலத்துப் பறையைக் கொட்டப்போகும் இளைஞருக்கு அது பயன்படும்.